சட்டம் என்றால் என்ன, எதற்கு, எத்தனை வகை? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சட்டம் படிக்கத் தொடங்குகிறவர்கள், போட்டித் தேர்வுக்குத் தயாராகிறவர்கள், ஏதோ ஒரு தகராறில் சிக்கி "இது எந்தக் கோர்ட்டுக்குப் போகும்?" என்று தேடுகிறவர்கள் என்று பலரும் கேட்கும் கேள்விகள் இவை. சட்ட வகைகளைப் பெரும்பாலும் ஒரு பட்டியலாக மனப்பாடம் செய்ய வைத்துவிடுகிறார்கள். உண்மையில், உங்கள் விஷயம் எந்த வகையில் விழுகிறது என்பதைப் பொறுத்தே யார் வழக்குப் போடலாம், எதை நிரூபிக்க வேண்டும், முடிவில் என்ன கிடைக்கும் என்பதெல்லாம் மாறும். அதனால் ஒவ்வொரு பிரிவையும், அது நடைமுறையில் எதை மாற்றுகிறது என்பதோடு சேர்த்தே சொல்கிறேன்.

சட்டம் என்பதற்கு ஒரு வரியில் விளக்கம் தர முடியுமா?

தரலாம்: ஒரு சமூகத்தில் எல்லோரையும் கட்டுப்படுத்தும் என்று ஏற்கப்பட்டு, அரசின் அமைப்புகளால் நடைமுறைப்படுத்தப்படும் விதிகளின் தொகுப்பு. தேர்வுக்கு இது போதும். ஆனால் இதற்குள்ளேயே இருநூறு ஆண்டுச் சர்ச்சை ஒன்று இருக்கிறது.

ஆங்கிலேய சட்ட அறிஞர் ஜான் ஆஸ்டின் 1832-இல் ஒரு விளக்கம் தந்தார். யாருக்கும் கீழ்ப்படியாத, ஆனால் பெரும்பாலோர் வழக்கமாகக் கீழ்ப்படியும் ஓர் உச்ச ஆட்சியாளர் இடும் கட்டளைதான் சட்டம். மீறினால் தண்டனை வரும் என்ற அச்சுறுத்தல் அதன் பின்னால் இருக்கும் என்றார். கேட்க எளிமையாக இருக்கிறது. பலர் மனதில் இன்றும் இருப்பது இந்த விளக்கம்தான்.

1961-இல் இன்னொரு ஆங்கிலேய சட்ட அறிஞர் எச்.எல்.ஏ. ஹார்ட் இதைக் கேள்விக்கு உள்ளாக்கினார். துப்பாக்கியைக் காட்டி "பணத்தை எடு" என்கிறவனும் கட்டளைதான் இடுகிறான், அச்சுறுத்தலும் இருக்கிறது. அவன் சொல்வது சட்டமா? பணத்தைக் கொடுக்க நாம் நிர்ப்பந்திக்கப்படுகிறோமே தவிர, கொடுக்கும் கடமை நமக்கு இல்லை. அப்புறம், மன்னர் இறந்தால் அவர் போட்ட சட்டமும் இறந்துபோவதில்லையே, அது ஏன்? சட்டம் இயற்றுகிறவர்களையும் சட்டம் கட்டுப்படுத்துகிறதே, அது எப்படி? இவற்றுக்கு ஆஸ்டினிடம் நல்ல பதில் இல்லை. ஹார்ட்டின் பதில் இது: சட்டத்தில் இரண்டு அடுக்கு விதிகள் உண்டு. "திருடாதே" என்பது போல் நம் நடத்தையைச் சொல்லும் விதிகள் ஒரு அடுக்கு. எது செல்லுபடியாகும் விதி, அதை யார் மாற்றலாம், தகராறு வந்தால் யார் தீர்ப்பது என்று விதிகளைப் பற்றியே சொல்லும் விதிகள் இன்னொரு அடுக்கு. இந்த இரண்டும் சேரும்போதுதான் ஒரு சட்ட முறைமை உருவாகிறது. என் வரையில், சட்டத்தைப் புரிந்துகொள்ள உதவும் திறவுகோல்களில் இதற்கு முதலிடம்.

தண்டனை இல்லாத சட்டமும் உண்டா?

நிறைய உண்டு. உயில் எழுதும் முறையைச் சொல்லும் சட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தேவையான சாட்சிகள் இல்லாமல் உயில் எழுதினால் யாரும் உங்களைச் சிறைக்கு அனுப்ப மாட்டார்கள். அந்த உயில் செல்லாது, அவ்வளவுதான். ஒப்பந்தம், திருமணம், நிறுவனம் தொடங்குவது, வாக்களிப்பது எல்லாவற்றிலும் இப்படித்தான். இங்கே சட்டம் எதையும் தடுக்கவில்லை. "இப்படிச் செய்தால் உன் விருப்பத்துக்கு அரசின் துணை கிடைக்கும்" என்று வழி காட்டுகிறது. நம் அன்றாட வாழ்க்கையைத் தொடும் சட்டத்தில் பெரும்பகுதி இந்த வகைதான். சட்டம் என்றதும் போலீசும் சிறையும் மட்டும் நினைவுக்கு வருவது, அதன் ஒரு பக்கத்தை மட்டும் பார்ப்பதால்தான்.

சட்டமும் அறமும் ஒன்றா?

இரண்டும் பல இடங்களில் ஒன்றாக நடக்கின்றன. கொலை, திருட்டு, மோசடி எல்லாம் இரண்டிலும் தவறு. ஆனால் பிரியும் இடங்களும் நிறைய.

நண்பனுக்குச் செய்த சத்தியத்தை மீறுவது அறத்துக்கு விரோதம். பெரும்பாலும் சட்டம் அதைக் கண்டுகொள்ளாது. சாலையின் எந்தப் பக்கம் வண்டி ஓட்டுவது என்பதில் அறமே இல்லை; சட்டம் மட்டும்தான் இருக்கிறது. சுவீடனில் 1967 செப்டம்பர் 3 அதிகாலை வரை இடப்பக்கம் ஓட்டுவது சட்டம், அதன் பின் வலப்பக்கம். முதல் நாள் சரியாக இருந்தது மறுநாள் குற்றமானது. யாருடைய ஒழுக்கமும் மாறவில்லை.

கண்முன் ஒருவர் மூழ்கிக்கொண்டிருக்கிறார், உங்களால் ஆபத்தில்லாமல் காப்பாற்ற முடியும், ஆனால் சும்மா நிற்கிறீர்கள். இது குற்றமா? ஜெர்மனியிலும் பிரான்ஸிலும் குற்றம். ஆங்கிலச் சட்ட மரபில், அவருக்கும் உங்களுக்கும் பெற்றோர்-பிள்ளை போன்ற தனி உறவோ பொறுப்போ இல்லாவிட்டால் பொதுவாகக் குற்றமில்லை. எந்த ஊரிலும் இதை நல்ல செயல் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அறத்தை எந்த அளவுக்குச் சட்டத்துக்குள் கொண்டுவருவது என்பதில்தான் நாடுகள் வேறுபடுகின்றன.

எதிர்ப்பக்கமாக ஒரு வழக்கு. 1884-இல் மிக்னொனெட் என்ற சிறு கப்பல் மூழ்கி, நான்கு பேர் படகில் பல நாள் உணவின்றி, நீரின்றித் தத்தளித்தார்கள். சாகும் நிலையிலிருந்த 17 வயதுப் பணியாளனை மற்றவர்கள் கொன்று தின்று உயிர் பிழைத்தார்கள். பிழைத்து வந்த டட்லி, ஸ்டீஃபன்ஸ் இருவர் மீதும் இங்கிலாந்தில் கொலை வழக்கு நடந்தது. வேறு வழியில்லை என்பது கொலைக்கு நியாயம் ஆகாது என்று நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது. பின்னர் அது ஆறு மாதச் சிறையாகக் குறைக்கப்பட்டது. விதியைத் தளர்த்தவும் இல்லை, அந்த மனிதர்களைத் தூக்கிலிடவும் இல்லை. சட்டம் அறத்திலிருந்து முழுதாக விலகவும் முடியாமல் அதனோடு முழுதாகக் கரையவும் முடியாமல் நிற்பதற்கு இதைவிடத் தெளிவான வழக்கு எனக்குத் தெரியாது.

அநியாயமான சட்டமும் சட்டம்தானா?

இங்கேதான் சட்ட தத்துவம் இரண்டு முகாம்களாகப் பிரிகிறது. இயற்கைச் சட்டக் கொள்கையினர், 13-ஆம் நூற்றாண்டின் தாமஸ் அக்வினாஸ் தொடங்கி, பகுத்தறிவுக்கும் பொது நன்மைக்கும் எதிரான சட்டம் தன் பெயருக்கே தகுதி இழக்கிறது என்பார்கள். சட்ட நேர்நிலைவாதிகள் அப்படிச் சொல்வதில்லை. முறைப்படி இயற்றப்பட்டிருந்தால் அது சட்டம்தான், மோசமான சட்டம். கீழ்ப்படிவதா வேண்டாமா என்பது தனிக் கேள்வி என்பார்கள்.

இது வெறும் சொற்போர் என்று நினைக்க வேண்டாம். நாஜி ஜெர்மனியில் 1935-இல் யூதர்களின் குடியுரிமையைப் பறித்த நியூரம்பர்க் சட்டங்கள் முறைப்படி இயற்றப்பட்டவைதான். தென்னாப்பிரிக்காவில் யார் எந்தப் பகுதியில் வாழலாம் என்று நிறத்தை வைத்துப் பிரித்த 1950-ஆம் ஆண்டுச் சட்டமும் நாடாளுமன்றத்தில் நிறைவேறியதுதான்.

நாஜிகளுக்கு முந்தைய ஜெர்மனியான வைமார் குடியரசில் நீதித்துறை அமைச்சராக இருந்த குஸ்டாவ் ராட்புருக், நாஜிகளால் 1933-இல் பேராசிரியர் பதவியை இழந்தவர். போருக்குப் பின் 1946-இல் அவர் ஒரு அளவுகோலைச் சொன்னார். சாதாரணமாக, நியாயக் குறைவு இருந்தாலும் எழுதப்பட்ட சட்டத்துக்கே முன்னுரிமை. நிச்சயத்தன்மை அவ்வளவு முக்கியம். ஆனால் சட்டத்துக்கும் நீதிக்கும் இடையிலான முரண் பொறுக்க முடியாத எல்லையைத் தொட்டால் சட்டம் நீதிக்கு வழிவிட வேண்டும். ஜெர்மனி ஒன்றானபின், பெர்லின் சுவரைத் தாண்டித் தப்பியோடியவர்களைச் சுட்ட எல்லைக் காவலர்கள் "எங்கள் நாட்டுச் சட்டம் அனுமதித்தது" என்று வாதாடியபோது, 1992-இல் ஜெர்மன் உச்ச நீதிமன்றம் இந்த அளவுகோலைக் கையில் எடுத்தது. அந்த வாதம் எடுபடவில்லை.

எனக்கு ராட்புருக்கின் பக்கம்தான் சாய்வு. எல்லாச் சட்டத்தையும் அவரவர் மனசாட்சிக்கு விட்டால் எதுவும் நிலைக்காது. எதையும் கேள்வி கேட்கக் கூடாது என்றால் முத்திரை குத்திய எந்தக் கொடுமையும் சட்டமாகிவிடும்.

சட்டத்தின் நோக்கம் என்ன?

"நீதி" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார்கள். வரலாற்றைப் பார்த்தால் முதலில் வந்தது இன்னும் எளிய தேவை: பழிக்குப் பழியை நிறுத்துவது. ஒருவன் அடித்தால் அடிபட்டவன் குடும்பம் திருப்பி அடிக்கும், அதற்கு அவர்கள் திருப்பி அடிப்பார்கள், முடிவே இருக்காது. மெசபடோமியாவின் ஊர்-நம்மு சட்டத் தொகுப்பு, சுமார் பொ.ஆ.மு. (கி.மு.) 2100-ஐச் சேர்ந்தது, நமக்குக் கிடைத்தவற்றில் மிகப் பழையது. ஒருவன் கண்ணைப் போக்கினால் அரை மினா (அக்கால எடை அளவு) வெள்ளி கொடு என்கிறது அது. "கண்ணுக்குக் கண்" என்று புகழ்பெற்ற ஹம்முராபியின் தொகுப்பு அதற்குச் சுமார் மூன்றரை நூற்றாண்டுக்குப் பின் வந்தது. பழைய சட்டம் என்றாலே கொடூரம், புதிது என்றால் கருணை என்று நேர்கோடு போட முடியாது என்பதற்கு இது சாட்சி.

அடுத்த நோக்கம் நிச்சயத்தன்மை. நாளை என்ன நடக்கும் என்று ஓரளவு தெரிந்தால்தான் வீடு வாங்கலாம், கடன் கொடுக்கலாம், தொழில் தொடங்கலாம். ரோமில் தொடக்க காலத்தில் சட்டம் எதுவென்று உயர்குடியினருக்கும் அவர்களுடைய பூசாரிகளுக்கும்தான் தெரியும்; சாமானியர்கள் போராடிய பின் பொ.ஆ.மு. 451-450-இல் பன்னிரண்டு பலகைகளில் எழுதிப் பொதுவெளியில் வைத்தார்கள். அந்தச் சட்டங்கள் கடுமையானவைதான். இருந்தாலும் எழுதி வைத்ததே பெரிய வெற்றி, ஏனென்றால் அதன்பின் நீதிபதி தன் இஷ்டத்துக்குச் சொல்ல முடியாது.

வலியவரிடமிருந்து எளியவரைக் காப்பது, நலத் திட்டங்களை நடத்துவது, கூட்டாக வாழ ஒரு ஒழுங்கைத் தருவது என்று மற்ற நோக்கங்களும் உண்டு. இவற்றுக்குள் மோதலும் வரும். ஒழுங்கை மட்டும் பார்க்கிற சட்டம் சுதந்திரத்தை நசுக்கும். ஜான் ஸ்டூவர்ட் மில் 1859-இல் வைத்த எல்லைக்கோடு இன்னும் விவாதிக்கப்படுகிறது: பிறருக்குத் தீங்கு வராமல் தடுக்க மட்டுமே ஒருவர்மீது அவர் விருப்பத்துக்கு மாறாக அதிகாரத்தைப் பயன்படுத்தலாம், அவருடைய சொந்த நன்மைக்காக அல்ல.

ஆனால் நான் எல்லாவற்றுக்கும் மேலாக வைப்பது ஒன்று: அதிகாரத்தைக் கட்டிப்போடுவது. அதற்கு அடுத்த கேள்வி.

சட்டம் இருந்தாலே சட்டத்தின் ஆட்சி இருக்கிறது என்று அர்த்தமா?

இல்லை. சர்வாதிகாரிகளிடமும் கட்டுக்கட்டாகச் சட்டம் இருக்கும். ஆள்கிறவரும் அதே சட்டத்துக்குக் கட்டுப்படுகிறாரா என்பதுதான் சோதனை.

1607-இல் இங்கிலாந்தின் முதலாம் ஜேம்ஸ் மன்னர், வழக்குகளைத் தானே விசாரித்துத் தீர்ப்புச் சொல்ல முடியும் என்றார். தலைமை நீதிபதி எட்வர்டு கோக் மறுத்தார்: மன்னர் எந்த மனிதருக்கும் கீழ் இல்லை, ஆனால் கடவுளுக்கும் சட்டத்துக்கும் கீழ். மன்னர் கடும் கோபம் அடைந்ததாகக் கோக்கே பதிவு செய்திருக்கிறார். மூன்றரை நூற்றாண்டு கழித்து, 1974 ஜூலை 24 அன்று, அமெரிக்க உச்ச நீதிமன்றம் வாட்டர்கேட் முறைகேட்டு விசாரணைக்காக அதிபர் நிக்சனிடம் அவருடைய அலுவலக உரையாடல்களின் ஒலிநாடாக்களை ஒப்படைக்கச் சொன்னது. ஒப்படைத்தார்; இரண்டு வாரத்தில் பதவி விலகினார். ஒரு ராணுவமும் கையில் இல்லாத எட்டு நீதிபதிகளின் கட்டளைக்கு, உலகின் மிக வலிமையான ராணுவங்களில் ஒன்றின் தலைமைத் தளபதி கீழ்ப்படிந்தார் என்பதைக் கொஞ்சம் நிதானமாக யோசித்துப் பாருங்கள்.

சட்டம் எப்படி எழுதப்படுகிறது என்பதும் இதில் சேரும். அமெரிக்க சட்ட அறிஞர் லான் ஃபுல்லர் 1964-இல் எட்டு நிபந்தனைகளைச் சொன்னார்: சட்டம் பொதுவான விதியாக இருக்க வேண்டும், வெளியிடப்பட வேண்டும், நடந்து முடிந்ததைப் பின்னோக்கிப் பிடிக்கக் கூடாது, புரிய வேண்டும், தன்னோடு தானே முரண்படக் கூடாது, மனிதரால் செய்ய முடியாததைக் கேட்கக் கூடாது, அடிக்கடி மாறக் கூடாது, கடைசியாக அதிகாரிகள் அதில் உள்ளபடியே நடக்க வேண்டும். ரோமப் பேரரசர் கலிகுலா புதிய வரிகளை விதித்துவிட்டு, மக்கள் வற்புறுத்திய பின் அந்தச் சட்டத்தை மிகச் சிறிய எழுத்தில், யாரும் படியெடுக்க முடியாத குறுகிய இடத்தில் மாட்டினார் என்று வரலாற்றாசிரியர் சூட்டோனியஸ் எழுதுகிறார். வெளியிட்டாயிற்று, ஆனால் மக்கள் படிக்கக் கூடாது. எட்டில் கடைசி நிபந்தனைதான் இன்று மிக அதிகமாக மீறப்படுவது என்று நினைக்கிறேன். ஏட்டில் ஒன்று, அலுவலக மேசையில் வேறொன்று.

சட்டத்தை ஏன் வகை பிரிக்க வேண்டும்?

மருத்துவர் நோயைப் பிரிப்பது போலத்தான். பிரித்தால்தான் எந்தச் சிகிச்சை என்று தெரியும். தவறான வகையில் வழக்குப் போட்டால், உங்கள் பக்கம் நியாயம் இருந்தாலும் "இந்த நீதிமன்றத்துக்கு அதிகாரம் இல்லை" என்று திரும்பி வரும், அதற்குள் காலம் போய்விடும்.

ஒன்றை மறக்க வேண்டாம்: இந்தப் பிரிவுகள் ஒன்றையொன்று வெட்டிச் செல்லும். ஒரே சட்டம் பொதுச் சட்டமாகவும், குற்றவியலாகவும், நாடாளுமன்றம் எழுதியதாகவும் ஒரே நேரத்தில் இருக்கலாம்.

சிவில், கிரிமினல் இரண்டுக்கும் என்ன வித்தியாசம்? ஒரே செயல் இரண்டிலும் வருமா?

குற்றவியலில் செயல் சமூகத்துக்கே எதிரானதாகக் கருதப்படுகிறது. வழக்கை நடத்துவது அரசு; நோக்கம் தண்டனை; அதனால் பாதிக்கப்பட்டவர் "மன்னித்துவிட்டேன்" என்றாலும் கடுமையான குற்றங்களில் வழக்கு தானாக நின்றுவிடாது. சிவிலில் வாதியும் பிரதிவாதியும். நோக்கம் இழப்பை ஈடுகட்டுவது, உரிமையை நிலைநாட்டுவது, அல்லது ஒன்றைச் செய்யச் சொல்வது, தடுப்பது. வாதி விரும்பினால் சமரசமாகி வழக்கைத் திரும்பப் பெறலாம்.

மிகப் பெரிய வித்தியாசம் நிரூபிக்கும் அளவில் இருக்கிறது. ஆங்கிலச் சட்ட மரபு நாடுகளில் குற்றவியலில் நியாயமான ஐயத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டும். சிவிலில் எந்தத் தரப்பு சொல்வது நடந்திருக்க வாய்ப்பு அதிகம் என்று தராசு சற்றே சாய்ந்தால் போதும். அமெரிக்கக் கால்பந்து வீரர் ஓ.ஜே. சிம்சன் 1995 அக்டோபரில் இரட்டைக் கொலை வழக்கில் விடுதலையானார். 1997-இல் அதே மரணங்களுக்காக உறவினர்கள் தொடுத்த சிவில் வழக்கில் அவர் பொறுப்பு என்று தீர்ப்பாகி, 3 கோடியே 35 லட்சம் டாலர் கொடுக்க உத்தரவானது. பலர் இதை முரண்பாடு என்றார்கள். முரண்பாடு இல்லை. "குற்றவாளி என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை" என்பதும் "அவர்தான் செய்திருக்க வாய்ப்பு அதிகம்" என்பதும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியும். ஒருவரைச் சிறையில் அடைப்பதற்கு அதிக உறுதி கேட்பது சரிதான்.

அப்படியானால் ஒரே செயலுக்கு இரண்டு தண்டனை ஆகாதா?

ஆகாது. இரண்டு முறை தண்டிக்கக் கூடாது என்ற விதி குற்ற வழக்குக்கானது. இழப்பீடு பொதுவாகத் தண்டனையாகக் கருதப்படுவதில்லை.

பொதுச் சட்டம், தனியார் சட்டம் என்கிறார்களே?

அரசுக்கும் குடிமகனுக்கும் இடையே, அல்லது அரசின் உறுப்புகளுக்கு இடையே வருவது பொதுச் சட்டம்: அரசியலமைப்பு, நிர்வாகம், வரி, குற்றவியல். தனிநபர்களுக்கு இடையே வருவது தனியார் சட்டம்: ஒப்பந்தம், சொத்து, குடும்பம், வாரிசுரிமை, தீங்கியல் (ஒப்பந்தம் இல்லாமலே ஒருவர் இன்னொருவருக்கு விளைவித்த தீங்குக்கான பொறுப்பு). ரோமச் சட்ட அறிஞர் உல்பியன் காலத்துப் பிரிவு இது.

பிரான்சில் இது நீதிமன்றங்களையே பிரித்துவிட்டது. போர்தோ நகரில் அரசுப் புகையிலை ஆலையின் வண்டி ஒரு சிறுமியை மோதிக் காயப்படுத்தியது. தந்தை, சாதாரண சிவில் நீதிமன்றத்தில் அரசிடம் இழப்பீடு கேட்டார். 1873-இல் வந்த முடிவு: அரசுச் சேவையால் வந்த பொறுப்பைத் தனியார் சட்ட விதிகளால் அளக்க முடியாது, அது நிர்வாக நீதிமன்றத்தின் வேலை. நவீன பிரெஞ்சு நிர்வாகச் சட்டத்தின் அடித்தளம் என்று இதைச் சொல்வார்கள்.

தொழிலாளர் சட்டம் எந்தப் பக்கம்? முதலாளிக்கும் தொழிலாளிக்கும் இடையிலான ஒப்பந்தம்தான். ஆனால் வேலை நேரம், குறைந்தபட்சக் கூலி எல்லாம் அரசு விதிக்கிறது. இரண்டும் கலந்தது. இந்தப் பிரிவைச் சுவர் போலக் கட்டாயமாக்க வேண்டியதில்லை.

உரிமையைச் சொல்லும் சட்டமும் நடைமுறைச் சட்டமும் எப்படி வேறுபடும்?

எது குற்றம், யாருக்கு என்ன உரிமை, என்ன கடமை என்று சொல்வது முதல் வகை. அதை நிலைநாட்ட எங்கே போவது, எப்படிப் புகார் தருவது, எந்த ஆதாரம் ஏற்கப்படும், எத்தனை நாளில் மேல்முறையீடு என்பது நடைமுறைச் சட்டம். இந்தியாவில் 1860-ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதாவும், குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவும் 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தன. முன்னது எது குற்றம் என்கிறது. பின்னது அந்தக் குற்றத்தை எப்படி விசாரிப்பது என்கிறது.

நடைமுறையை வெறும் சம்பிரதாயம் என்று அலட்சியம் செய்கிறவர்கள் உண்டு. கைது செய்தால் காரணம் சொல்ல வேண்டும், எதிர்த் தரப்பைக் கேட்காமல் தீர்ப்புச் சொல்லக் கூடாது என்பதெல்லாம் நடைமுறைதான். அவை இல்லாவிட்டால் ஏட்டில் உள்ள எந்த உரிமையும் கைக்கு வராது.

சட்டத்தை நாடாளுமன்றம் மட்டும்தான் உருவாக்குகிறதா?

நாட்டைப் பொறுத்தது. பிரான்ஸ், ஜெர்மனி வழியில் போகும் நாடுகளில் தொகுக்கப்பட்ட சட்டநூலே மையம். 1804-இன் நெப்போலியன் சட்டத் தொகுப்பில் அழகான இரண்டு பிரிவுகள் அடுத்தடுத்து உண்டு. நான்காம் பிரிவு, "சட்டத்தில் இதற்குப் பதில் இல்லை" என்று சொல்லி நீதிபதி தீர்ப்பு மறுக்கக் கூடாது என்கிறது. ஐந்தாவது, தீர்ப்பின் பெயரால் பொது விதி வகுக்கவும் கூடாது என்கிறது. தீர்ப்பும் சொல்ல வேண்டும், சட்டமும் செய்யக் கூடாது!

ஆங்கில மரபில் முன்தீர்ப்புகளே சட்டமாகின்றன. 1928-இல் ஸ்காட்லாந்தின் பெய்ஸ்லி நகரில் ஒரு பெண்ணுக்குத் தோழி இஞ்சி பானம் வாங்கித் தந்தார். நிறமடித்த கண்ணாடிப் புட்டிக்குள் அழுகிய நத்தை இருந்ததாகவும், அதனால் நோயுற்றதாகவும் அந்தப் பெண் வழக்குத் தொடுத்தார். பானத்தை வாங்கியது தோழி என்பதால் இவருக்கு யாரோடும் ஒப்பந்தம் இல்லை. இருந்தும் 1932-இல், அன்று பிரிட்டனின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை, மூன்றுக்கு இரண்டு என்ற பெரும்பான்மையில், தயாரிப்பாளருக்குக் கடைசி நுகர்வோர்மீது கவனக் கடமை உண்டு என்றது. எந்த நாடாளுமன்றமும் அந்த விதியை எழுதவில்லை. இன்று பொருள் வாங்கும் ஒவ்வொருவருக்கும் கிடைக்கும் பாதுகாப்பின் பெரும் பகுதி அந்த ஒரு ஓட்டு வித்தியாசத்தில் வளர்ந்தது.

இரண்டும் கலந்த நாடுகளும் உள்ளன. தென்னாப்பிரிக்காவிலும் இலங்கையிலும் ரோமன்-டச்சுச் சட்டமும் ஆங்கிலச் சட்டமும் சேர்ந்தே இயங்குகின்றன. வழக்காறும் ஒரு மூலம்தான். யாழ்ப்பாணத் தமிழர்களின் வழக்காற்றுச் சட்டமான தேசவழமை 1707-இல் டச்சு ஆட்சியில் எழுத்தில் தொகுக்கப்பட்டது.

எழுதப்பட்ட சொல்லுக்கு நேர் அர்த்தம் அநியாயமாக இருந்தால் நீதிபதி என்ன செய்வார்?

1889-இல் நியூயார்க் மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு வந்த வழக்கு: தாத்தா உயிலை மாற்றிவிடுவாரோ என்று பயந்து பேரன் அவருக்கு விஷம் வைத்துக் கொன்றான். உயில் சட்டத்தில் கொலைகாரனுக்குச் சொத்து இல்லை என்று எங்கும் எழுதவில்லை. தன் குற்றத்தால் தானே லாபமடைய யாரையும் அனுமதிக்க முடியாது என்ற பொதுக் கோட்பாட்டை வைத்துப் பெரும்பான்மை நீதிபதிகள் சொத்தை மறுத்தார்கள். எதிர்த்துத் தீர்ப்பு எழுதிய நீதிபதி சொன்னதிலும் வலு இருக்கிறது: கொலைக்குத் தண்டனை ஏற்கெனவே கிடைத்துவிட்டது, சட்டத்தில் இல்லாததை நாம் சேர்க்கக் கூடாது. முடிவில் பெரும்பான்மையோடுதான் நான்; ஆனால் அந்த எச்சரிக்கையை மறந்த நீதிபதி ஆபத்தானவர்.

சட்டங்களுக்குள் மேல், கீழ் உண்டா?

உண்டு. மேலே அரசியலமைப்பு, அதன்கீழ் நாடாளுமன்றச் சட்டம், அதன்கீழ் அந்தச் சட்டம் தந்த அதிகாரத்தில் துறைகள் போடும் விதிகள், ஆணைகள். கீழுள்ளது மேலுள்ளதை மீறினால் செல்லாது. 1803-இல் மார்பரி எதிர் மாடிசன் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் நாடாளுமன்றச் சட்டத்தின் ஒரு பகுதியை இந்த அடிப்படையில் ஒதுக்கியது. 1973-இல் கேசவானந்த பாரதி வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம் இன்னும் ஒரு படி போய், அரசியலமைப்பைத் திருத்தலாம், அதன் அடிப்படைக் கட்டமைப்பை அழிக்க முடியாது என்றது. பிரிட்டனில் ஒரே ஆவணமாக எழுதப்பட்ட அரசியலமைப்பே இல்லை. அங்கே நாடாளுமன்றம்தான் உச்சம்.

ஒரு அலுவலகத்தில் "விதி இப்படித்தான்" என்று மறுத்தால், எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவின்கீழ் அந்த விதி என்று கேளுங்கள். பல நேரம் அது விதியே இல்லை, வெறும் பழக்கம்.

சர்வதேசச் சட்டம் உண்மையில் சட்டம்தானா? போலீஸே இல்லையே?

ஆஸ்டின் இதைச் சட்டமாக ஏற்கவில்லை. நாடுகளுக்கு மேல் ஓர் உச்ச ஆட்சியாளர் இல்லை என்பதால். சந்தேகத்துக்குக் காரணமும் இருக்கிறது. ஹேக் நகரிலுள்ள சர்வதேச நீதிமன்றம், நாடுகள் ஒப்புக்கொண்டால்தான் வழக்கை விசாரிக்க முடியும். 1986-இல் நிகரகுவா வழக்கில் அமெரிக்காவுக்கு எதிராகத் தீர்ப்பு வந்தது. அமெரிக்கா இழப்பீடு கொடுக்கவில்லை.

ஆனால் மீறல்தான் செய்தியாகிறது, கீழ்ப்படிதல் செய்தியாவதில்லை. 1874-இல் தொடங்கிய அஞ்சல் ஒன்றியத்தால், ஒரு நாட்டில் தபால்தலை ஒட்டி அனுப்பிய கடிதத்தை இன்னொரு நாடு மறுபடி தபால்தலை கேட்காமல் கொண்டுசேர்க்கிறது. 1944-ஆம் ஆண்டின் சிகாகோ ஒப்பந்தத்தின்கீழ் விமானங்கள் தினமும் எல்லை தாண்டுகின்றன. அது சட்டம்தான், அமலாக்கம் பலவீனமான சட்டம் என்பது என் கருத்து.

"இப்படி ஒரு சட்டம் இருப்பது எனக்குத் தெரியாது" என்று சொல்லித் தப்பலாமா?

பொதுவாக முடியாது. அனுமதித்தால் தெரிந்துகொள்ளாமல் இருப்பதே லாபமாகிவிடும். அபூர்வமாக விலக்கு உண்டு. முன்பு குற்றத் தீர்ப்பு பெற்றவர்கள் நகரில் தங்கினால் பதிவு செய்ய வேண்டும் என்ற லாஸ் ஏஞ்சல்ஸ் நகர விதியை அறியாத ஒரு பெண் தண்டிக்கப்பட்டார். 1957-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. சும்மா ஓர் ஊரில் இருப்பதே குற்றம் என்று யாருக்குத் தோன்றும்? அறிய வழியே இல்லாதபோது அறியாமையைத் தண்டிப்பது நியாயமில்லை.

சரி, என் பிரச்சினை எந்த வகை என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

எதிரே இருப்பது யார் என்று முதலில் பாருங்கள்: அரசா, தனியாரா? அப்புறம், உங்களுக்கு வேண்டியது என்ன? அவருக்குத் தண்டனையா, உங்களுக்குப் பணமா, ஒரு செயலை உடனே நிறுத்துவதா, அரசின் ஒரு உத்தரவை ரத்து செய்வதா? பணமோ தடையாணையோ என்றால் பெரும்பாலும் சிவில். தண்டனை என்றால் கிரிமினல், ஆனால் அதில் வழக்கின் கடிவாளம் அரசிடம் போய்விடும் என்பதைத் தெரிந்தே இறங்குங்கள். அரசின் உத்தரவு என்றால் முதலில் அந்தத் துறைக்குள்ளேயே மேல்முறையீடு உண்டா என்று பாருங்கள். அதைத் தாண்டிக் குதித்தால் நீதிமன்றம் திருப்பி அனுப்பலாம்.

எந்த வகையாக இருந்தாலும், வழக்கறிஞரைப் பார்க்கும் முதல் நாளிலேயே "இதற்குக் கடைசித் தேதி எது?" என்று கேளுங்கள். சிவில் வழக்குகளுக்கும் மேல்முறையீடுகளுக்கும் காலவரையறை உண்டு. அது கடந்துவிட்டால், தாமதத்துக்கு ஏற்கத்தக்க காரணம் காட்ட முடியாத நிலையில், உங்கள் கையில் இருக்கும் பத்திரமும் சாட்சியும் எவ்வளவு பலமானவையாக இருந்தாலும் நீதிமன்றம் அவற்றைப் பிரித்துப் பார்க்கும் கட்டத்துக்கே வராது.